வளைவில் மறையும் பார்வைத் தூரம்: குவியாடி போதுமா?

வணக்கம். மாநில நெடுஞ்சாலை வளைவின் உட்புறத்தில் சீமைக் கருவேலம் அடர்ந்திருப்பதால், உங்கள் தெருவிலிருந்து சாலையில் ஏறும்போது வரும் வண்டி தெரிவதில்லை என்றும், எதிரே வருவதைக் காட்டும் புடைத்த கண்ணாடியான குவியாடி வைத்தால் போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போதாது என்பதே என் கருத்து. குவியாடியில் வண்டி சிறிதாகவும் தொலைவில் இருப்பதாகவும் தோன்றுவதால் அதன் வேகத்தைக் கணிப்பது கடினம். மார்கழிப் பனியில் ஆடியே மங்கிவிடும்.

சாலை அமைப்புக்கான நெறிமுறைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறைப்படி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி பாதுகாப்பாக நிற்க 80 மீட்டர் பார்வைத் தூரம் வேண்டும். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிப்பதற்கென்று கணக்கில் கொள்ளும் 2.5 விநாடியிலேயே வண்டி ஏறத்தாழ 42 மீட்டர் ஓடிவிடும். வளைவின் ஆரம் 150 மீட்டர் என்று கொண்டால், உட்புறத் தடத்தின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 5.3 மீட்டர் வரை பார்வையை மறைக்கும் எதுவும் இருக்கக் கூடாது. பக்கத் தெருவிலிருந்து ஏறுபவருக்கோ இதைவிடக் கூடுதல் தூரம் தெரிய வேண்டும்.

நீங்களே அளக்கலாம். ஒருவர் ஓட்டுநரின் கண் மட்டமான 1.2 மீட்டர் உயரத்துக்குக் குனிந்து பார்க்க, மற்றவர் 15 சென்டிமீட்டர் உயரக் கட்டையுடன் சாலையோரமாகவே விலகிச் செல்ல, கட்டை கண்ணுக்கு மறையும் இடம் வரை நாடா பிடியுங்கள். அந்த அளவையும் படங்களையும் இணைத்து நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளரிடம் மனு கொடுங்கள். மரங்களை வேரோடு அகற்றும்படி கேளுங்கள். வெட்டினால் மட்டும் கருவேலம் மறுபடி தழைத்துவிடும்.