தையல் கேள்வி பதில்: குழந்தைக்குத் தோள் துணி

கேள்வி: என் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது. குழந்தையை ஏப்பம் விட வைக்கும்போது தோளில் விரித்துக்கொள்ளும் துணிகளை நானே தைத்துக் கொடுக்க ஆசைப்படுகிறேன். எந்தத் துணி வாங்குவது, எந்த அளவில் வெட்டுவது?

பதில்: குழந்தை கக்கும் பால் நம் உடைக்கு வழிவதற்குள் அதை உறிஞ்சிக்கொள்வதுதான் தோள் துணியின் வேலை. ஆகவே பூவையும் நிறத்தையும் பார்ப்பதற்கு முன், துணி தண்ணீரை இழுக்கிறதா என்று பாருங்கள். குழந்தையின் கன்னம் படும் மேல்பக்கத்துக்குப் பருத்தி ஃபிளானலோ (மேற்பரப்பு பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும் துணி) இரட்டை மஸ்லினோ (இரண்டு மெல்லிய அடுக்குகள் சேர்ந்த துணி) எடுத்துக்கொண்டு, அடிப்பக்கத்துக்குத் தேங்காய்ப்பூத் துவாலைத் துணியை வைப்பதே எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த இணை. வெல்வெட் போல வழுவழுப்பான பாலியஸ்டர் துணிகளும் குழந்தைகளுக்கென்றே விற்கப்படுகின்றன. தொடுவதற்கு எவ்வளவு இதமாக இருந்தாலும், அவற்றில் பால் ஊறாமல் வழிந்து ஓடிவிடும் என்பதால், அவற்றை இந்த வேலைக்கு நான் சொல்லவே மாட்டேன்.

வாங்கி வந்த துணியை வெட்டுவதற்கு முன் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். ஃபிளானலும் துவாலைத் துணியும் முதல் சலவையில் சுருங்கும். இரண்டும் ஒரே அளவில் சுருங்காது. துவைக்காமல் தைத்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, மறுபக்கம் உப்பிப்போய், துணி பிறகு ஒருநாளும் சமமாகப் படியாது. புதுத் துணிக்கு ஏற்றியிருக்கும் கஞ்சியும் மெருகும் இந்தச் சலவையில்தான் போகும். போயிற்றா என்று அறிய, உலர்ந்த துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அது முத்துப்போல் நின்றால் இன்னொரு முறை துவைக்க வேண்டும். விழுந்தவுடன் பரவி மறைந்தால் வெட்டத் தொடங்கலாம்.

அளவைப் பொறுத்தவரை, தைத்து முடித்த பிறகு 50 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் இருப்பது வசதி. தோளுக்கு முன்னால் மார்பு வரைக்கும், பின்னால் முதுகின் மேல்பகுதி வரைக்கும் அது இறங்க வேண்டும். குழந்தையின் வாய் நம் தோளைத் தாண்டிப் பின்பக்கமாகத்தானே இருக்கிறது, நீளம் குறைந்தால் பால் நேராக முதுகில் வழியும். அகலம் மிகுந்தாலோ கழுத்தருகே துணி சுருண்டு குழந்தையின் முகத்தை அழுத்தும். நான்கு பக்கமும் தையலுக்கு 1 செ.மீ. விட வேண்டும் என்பதால், 52 செ.மீ.க்கு 27 செ.மீ. என்று வெட்டிக்கொள்ளுங்கள். கழுத்தை ஒட்டிப் படிவதற்காக நடுப்பகுதியை உள்வளைவாக வெட்டுவதும் உண்டு. முதன்முதலாகத் தைப்பவர்கள் நீள்சதுரமாகவே வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: துவாலைத் துணியை மெஷினில் வைத்தால் இழைகள் சிக்கிக்கொள்கின்றன. திருப்பிப் போட்ட பிறகு மூலைகளும் கூராக வருவதில்லை. என்ன செய்ய வேண்டும்?

பதில்: துவாலைத் துணியின் வளைய இழைகள், துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷினின் பாதத்தில் மாட்டிக்கொள்வதால் வரும் தொல்லை இது. இரண்டு துணிகளின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துக் குண்டூசி குத்திய பிறகு, ஃபிளானல் மேலேயும் துவாலைத் துணி கீழேயும் இருக்குமாறு மெஷினில் வையுங்கள். சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மெல்லிய ஊசியை மாற்றி 14-ஆம் எண் ஊசி போடுங்கள். துவாலைத் துணி மிகத் தடிமனாக இருந்தால் 16-ஆம் எண். தையலின் நீளம் 2.5 மி.மீ. போதும். துணியின் ஓரம் ஊசித் துளைக்குள் இழுபடுகிறது என்றால், ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளித் தொடங்கி, ஒருமுறை பின்னோக்கி வந்து, பிறகு முன்னே செல்லுங்கள்.

துணியைத் திருப்புவதற்கான 10 செ.மீ. இடைவெளியை ஒரு நீளப் பக்கத்தின் நடுவில் விட வேண்டும். மூலையருகே விட்டால் அந்த மூலை கடைசிவரை ஒழுங்காக அமையாது. தைத்து முடித்ததும், நான்கு மூலைகளிலும் தையலை வெட்டிவிடாமல் அதற்கு மிக அருகில் குறுக்காகக் கத்தரித்துவிடுங்கள். மூலை மொத்தையாக இருப்பதற்குக் காரணம் உள்ளே மடிந்து கிடக்கும் இந்த மிச்சத் துணிதான். திருப்பிய பிறகு, முனை மழுங்கிய ஒரு குச்சியால் உள்ளிருந்து மெல்லத் தள்ளினால் மூலை வெளியே வரும். கத்தரிக்கோலின் முனையால் தள்ளினால் தையல் கிழியும். பின்னர் இஸ்திரி போட்டு, இடைவெளியின் ஓரங்களை உள்ளே மடித்து, விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே சுற்றிலும் ஒரு மேல்தையல் போட்டால் அந்த இடைவெளியும் அதிலேயே மூடிக்கொள்ளும். அகலவாக்கில் இன்னும் இரண்டு தையல் ஓட்டிவிட்டால், எத்தனை முறை துவைத்தாலும் இரண்டு துணிகளும் ஒன்றைவிட்டு ஒன்று நகராது. வேலை முடிந்ததும் அடிநூல் சுற்றிய பாபின் இருக்கும் பகுதியில் சேர்ந்திருக்கும் பஞ்சைத் தூரிகையால் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் மெஷின் இல்லை. கையால் தைத்தால் நிற்குமா?

பதில்: தாராளமாக நிற்கும். ஓட்டுத்தையல் மட்டும் போடாமல் சுற்றிலும் கெட்டித் தையலாக, அதாவது ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னே கொண்டுவந்து குத்தி, போடுங்கள். துவாலைத் துணிக்குப் பதிலாக ஃபிளானலையே இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டால் ஊசி எளிதாக இறங்கும்.

கேள்வி: நடுவில் ஒரு பஞ்சு அடுக்கு வைத்து, ஓரத்தில் லேஸும் சிறிய பித்தான்களும் வைத்துத் தைத்தால் பரிசாகக் கொடுக்க அழகாக இருக்குமல்லவா?

பதில்: உங்கள் அன்பு புரிகிறது, ஆனால் இரண்டையுமே தவிர்த்துவிடுங்கள். அடுக்கு கூடினால் உறிஞ்சும் அளவு கூடும் என்பது உண்மைதான், ஆனாலும் உள்ளே ஈரம் தங்கி, துணி காய நேரமெடுத்து, மக்கிய வாடை வரும். நாள்தோறும் பலமுறை மாற்ற வேண்டிய துணிக்குச் சீக்கிரம் காய்வதும் உறிஞ்சுவதைப் போலவே முக்கியம். பித்தான் கழன்றால் நேராகக் குழந்தையின் வாய்க்குத்தான் போகும். லேஸிலிருந்து பிரியும் நூல் பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கி இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடலாம். தொங்கும் நூல்களை எல்லாம் ஒட்டக் கத்தரித்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான். அழகு வேண்டுமென்றால் மேல்தையலை வேறு நிற நூலில் போடுங்கள். துணியைக் கொடுக்கும்போதே, குழந்தை தூங்கும் இடத்தில் இதைப் போட்டுவைக்கக் கூடாது என்றும் சொல்லிக் கொடுங்கள்; முகத்தின் மேல் விழுந்தால் பச்சிளம் குழந்தையால் அதை விலக்க முடியாது.

கேள்வி: நான் தைத்த துணிகள் முதலில் நன்றாக உறிஞ்சின. இப்போது பால் மேலேயே நிற்கிறது, துவைத்த பிறகும் புளித்த வாடை வருகிறது. துணி கெட்டுப்போய்விட்டதா?

பதில்: துணி கெடவில்லை. துணியை மென்மையாக்குவதற்கென்று அலசும்போது சேர்க்கும் திரவம் இழைகளின் மேல் ஒரு படலமாகப் படிந்து உறிஞ்சும் திறனைக் குறைத்துவிடும். அதை உடனே நிறுத்துங்கள். வாடைக்குக் காரணம் இழைகளில் தங்கிவிட்ட பால் கொழுப்பு. கறைபட்ட துணியை முதலிலேயே வெந்நீரில் போட்டால் பாலில் உள்ள புரதம் இறுகி இழையோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் குளிர்ந்த நீரில் அலசிவிட்டு, அதன் பிறகு சோப்புத்தூளும் வெந்நீரும் சேர்த்துத் துவைத்து, சோப்பு மிச்சமில்லாமல் அலசுங்கள். இரண்டு மூன்று சலவைகளில் பழைய நிலைக்கு வந்துவிடும். வெயிலில் காயவைத்தால் மஞ்சள் கறையும் மங்கும். அடர்ந்த நிறத் துணிகளை மட்டும் நிழலில் போடுங்கள்.