டீயா, காபியா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் நான் டீ கட்சி, கணவர் காபி கட்சி. உடம்புக்கு எது நல்லது? தீர்ப்புச் சொல்லுங்கள்.

பதில்: இருவருமே ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது! காபி குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் கல்லீரல் நோயும் குறைவாக வருவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. டீ குடிப்பவர்களுக்கு இதய நோய் விஷயத்தில் அப்படி. ஆனால் இவை ஆட்களைப் பல வருடம் கவனித்துப் போட்ட கணக்குகள். காபிதான் காப்பாற்றியது, டீதான் காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல முடியாது. குடிக்காதவர்கள் மருந்து மாதிரி புதிதாக ஆரம்பிக்க வேண்டியதில்லை.

உருப்படியான வித்தியாசம், தூக்கத்தை விரட்டும் காஃபினின் அளவில்தான். 240 மில்லி காபியில் சுமார் 95 மில்லிகிராம். அதே அளவு பிளாக் டீயில் அதில் பாதி. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200 என்பது பொதுவான உச்சவரம்பு. ரோபஸ்டா வகைக் காபிக்கொட்டையில் அரபிக்கா வகையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபின் உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கட்சிக்கும் பொதுவான எதிரி சர்க்கரை. கப்புக்கு இரண்டு டீஸ்பூன் வீதம் நாலு கப் என்றால் 32 கிராம். முடிந்தால் நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கேள்வி: ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். சாப்பிட்டவுடன் டீ குடிக்கலாமா?

பதில்: கூடாது. டீயிலும் காபியிலும் உள்ள பாலிஃபீனால்கள், தானியம், பருப்பு, கீரையில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடல் உறிஞ்ச விடாமல் செய்துவிடும். 1983-ல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு குடித்த ஒரு கப் காபி இரும்பு உறிஞ்சப்படுவதை 39 சதவீதமும், டீ 64 சதவீதமும் குறைத்தன. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபியால் எந்த நஷ்டமும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காபியோ, உணவோடு குடித்த அளவுக்கே கெடுத்தது. ஆகவே சாப்பாட்டுக்கு முன்பே குடித்துவிடுவது மேல். பிறகுதான் என்றால் இரண்டு மணி நேரமாவது போகட்டும். பால் சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பாலிலுள்ள கால்சியமும் இரும்புக்குக் குறுக்கே நிற்கும். எலுமிச்சை, கொய்யா போன்ற வைட்டமின் சி உள்ளவை உதவும்.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி.

கேள்வி: ராத்திரி காபி குடித்தாலும் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. அப்புறம் என்ன கெடுதல்?

பதில்: தூக்கம் வருவது வேறு, போதுமான அளவு தூங்குவது வேறு. குடித்த காஃபினில் பாதி வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். 2013-ல் வந்த ஓர் ஆய்வில், படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் உடம்பில் காஃபின் இன்னும் நெடுநேரம் தங்கும்.

கேள்வி: நான் போடும் டீ ஒரு நாள் கசக்கிறது, ஒரு நாள் சப்பென்று இருக்கிறது. காபியோ சில நாள் புளிக்கிறது. எங்கே தப்பு?

பதில்: முதலில் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுத் தராசை எடுங்கள். இலை டீயும் பொடி டீயும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை வராது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் டீத்தூள். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, மூடி, 3 முதல் 4 நிமிடத்தில் வடித்துவிடுங்கள். திடம் போதவில்லையா? தூளைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். நேரம் கூடினால் துவர்ப்புதான் இறங்கும். பால் சேர்த்தால் துவர்ப்பு அடங்குவதற்குக் காரணம், பாலிலுள்ள கேசின் புரதம், டீயில் துவர்ப்பைத் தரும் டானினோடு சேர்ந்துகொள்வதே. கிரீன் டீக்குக் கொதிநீர் ஆகாது. மூன்று பங்கு கொதிநீரில் ஒரு பங்கு சாதாரணத் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 80 டிகிரி. அதில் இரண்டு நிமிடம் போதும்.

காபிக்கு 150 மில்லி தண்ணீருக்கு 9 கிராம் தூள், 90 முதல் 96 டிகிரி சூடு. புளித்தால் சாறு முழுசாக இறங்கவில்லை என்று அர்த்தம்: தூள் பருமனாக இருக்கும், அல்லது தண்ணீர் சூடு பற்றியிருக்காது. வறண்ட கசப்பு என்றால் சாறு அதிகமாக இறங்கிவிட்டது; தூளைச் சற்றுப் பருமனாக அரையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, அரைப்பிலிருந்து தொடங்குங்கள். போட்ட காபியை மறுபடி கொதிக்கவைத்தால் எந்த அளவுக் கணக்கும் அதைக் காப்பாற்றாது.

கேள்வி: கொலஸ்ட்ரால் இருந்தால் காபியை விட வேண்டுமா?

பதில்: வடிகட்டியை மாற்றினால் பெரும்பாலும் போதும். காபியிலுள்ள கஃபெஸ்டால் என்ற பொருள் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். காகித வடிகட்டி அதைத் தடுத்துவிடும், உலோக வலை விட்டுவிடும். டீயில் இந்தப் பிரச்சினையே இல்லை.

கேள்வி: காபியை நிறுத்தினால் மண்டையிடி. என்ன செய்வது?

பதில்: கடைசிக் கப்புக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, சிலருக்கு 9 நாள் வரை நீடிக்கும். ஒரேயடியாக நிறுத்தாமல் சில நாளுக்கு ஒரு முறை கால் பங்கு குறையுங்கள். தலைவலி மாத்திரை போடுவதானால் அட்டையைப் படித்துப் பாருங்கள். சிலவற்றில் காஃபினையே சேர்த்திருப்பார்கள்.