மழைக்காலம் முழுக்க நின்ற ஃபோர் வீல் வண்டி: எஞ்சினைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: பண்ருட்டிக்கு அருகே முந்திரித் தோப்பு வைத்திருக்கிறேன். தோப்பு வேலைக்கென்று பழைய டீசல் ஃபோர் வீல் பிக்கப் ஒன்று இருக்கிறது. ஐப்பசியில் கொட்டகைக்குள் நிறுத்தியதை தை கடைசியில்தான் எடுத்தேன். காலையில் பேட்டரி இறங்கும் அளவுக்கு செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது. ஒருமுறை பிடித்துவிட்டால் அன்றைக்குத் தொல்லை இல்லை. பிரேக் மிதி பாதிக்கு மேல் இறங்குகிறது, இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே வருகிறது. ஃபோர் வீல் லிவர் அசையவே இல்லை. மெக்கானிக் எஞ்சினைப் பிரிக்கணும் என்கிறார். ஸ்பேனர் செட், ஜாக்கி கைவசம் உண்டு. நானே எதையெல்லாம் பார்க்கலாம்?

பதில்: இப்போதைக்கு எஞ்சினில் கை வைக்க வேண்டாம். கம்ப்ரஷன் குறைந்த எஞ்சினும் காலையில் அடம்பிடிக்கும்தான். ஆனால் அது ஆயில் குடிக்கும், பிரீதர் குழாயில் (எஞ்சினின் உள்காற்றை வெளிவிடும் குழாய்) புகை தள்ளும், மேட்டில் இழுக்கத் திணறும். இவை எதையும் நீங்கள் சொல்லவில்லை. மூன்று கோளாறுமே ஓடித் தேய்ந்ததால் வந்தவையாகத் தெரியவில்லை, மூன்று மாதம் ஈரத்தில் நின்றதால் வந்தவை போலத்தான் இருக்கின்றன. நின்ற வண்டியில் ரப்பரும் எண்ணெயும்தான் முதலில் கெடும். ஆகவே தண்ணீர் எங்கே இறங்கியது, காற்று எங்கே புகுந்தது, எந்த ரப்பர் காய்ந்தது என்று தேடுங்கள்.

தொடங்க வேண்டிய இடம் பிரேக். ஸ்டார்ட் ஆகாத வண்டியால் ஒரு நாள் வேலை கெடும். பிரேக் பிடிக்காத வண்டி விக்கிரவாண்டி–கும்பகோணம் சாலையில் ஏறினால் அடுத்தவர் உயிருக்கும் ஆபத்து.

தூக்கும் முன்

பழைய ஜீப் வகை வண்டிகள் பலவற்றில் கைப்பிரேக் பின்சக்கரத்தில் இருக்காது. ட்ரான்ஸ்ஃபர் கேஸின் (எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) பின்னால், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் டிரம்மில் இருக்கும். ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கினால், ஷாஃப்ட் அசையாமல் இருந்தாலும் டிஃபரென்ஷியல் வழியாக மறு சக்கரம் உருளும். கைப்பிரேக் போட்டிருக்கிறதே என்று நம்பிக் கீழே படுத்தவர் மேல் வண்டி இறங்குவது இப்படித்தான். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். உங்கள் பக்கத்துச் செம்மண்ணில் ஜாக்கி புதையும். அடியில் இரண்டு அங்குலத் தடிப்பலகை வையுங்கள். தூக்கியதும் சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டு. செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வேண்டாம், திடீரென்று நொறுங்கும்.

பிரேக்

மிதிக்க மிதிக்க மேலே வருகிறது என்றால் காரணம் இரண்டில் ஒன்று. மேலே வந்த மிதி கல்லுப்போல் நின்றால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது. பஞ்சுபோல் அமுங்கினால் லைனில் காற்று. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். மூன்றாவது ஒன்றும் உண்டு: காலை அழுத்தியபடியே வைத்திருக்கும்போது மிதி மெல்ல மெல்ல இறங்குகிறது, வெளியே எங்கும் ஒழுகலும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் கப் போய்விட்டது.

நான்கு டிரம்மையும் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு வீல் சிலிண்டரின் இரு முனையிலும் உள்ள ரப்பர் மூடியை விரலால் விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் கப் கசிகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. அந்த நீர்தான் சிலிண்டர் சுவரைத் துருப்பிடிக்கச் செய்து, கப்பின் விளிம்பை அறுக்கிறது. சுவரில் கறை மட்டும் இருந்தால் நைசான உப்புத்தாளைப் பிரேக் ஆயிலில் நனைத்து வட்டமாகத் தேய்த்து, கப்பை மாற்றினால் போதும். நகம் தடுக்கும் அளவுக்குக் குழி இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். ஒரு பக்கம் மாற்றினால் அதே ஆக்ஸிலின் மறுபக்கமும் மாற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கழுவுவதற்குப் பிரேக் ஆயில் அல்லது ஸ்பிரிட் மட்டும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எது பட்டாலும் ரப்பர் உப்பிவிடும். பிரேக் ஆயில் குறைந்திருக்கிறதே என்று அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றுகிறவர்கள் உண்டு; அப்படிச் செய்த வண்டியில் மாஸ்டர் முதல் கடைசி ஹோஸ் வரை எல்லா ரப்பரையும் மாற்றியாக வேண்டும்.

பின் லைனிங் எண்ணெயில் ஊறியிருந்தால் அது எந்த எண்ணெய் என்று மோந்து பாருங்கள். கந்தக நெடி வீசினால் அது ஹவுசிங்கிலிருந்து (ஆக்ஸிலும் டிஃபரென்ஷியலும் இருக்கும் கூடு) வரும் கியர் ஆயில். ஆக்ஸில் சீலை மாற்றாமல் லைனிங் மட்டும் போடுவது வீண். ஊறிய லைனிங்கைத் தீயில் காட்டி எண்ணெய் எடுக்கும் பழக்கத்தையும் விடுங்கள். சூடேறும்போதெல்லாம் உள்ளே தங்கியது மறுபடி வெளியே வரும்.

பூட்டிய பின் ஷூ அட்ஜஸ்டரைச் சக்கரம் சுற்றாத அளவுக்கு இறுக்கி, லேசாக உரசிச் சுற்றும் வரை தளர்த்துங்கள். அதன் பின்பே ஏர் எடுக்க வேண்டும். மாஸ்டரிலிருந்து தூரமாக இருக்கும் சக்கரத்தில் தொடங்குவது முறை: நம் ஊர் வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளில் இடது பின், வலது பின், இடது முன், வலது முன். சக்கரத்தின் பிளீடர் நிப்பிளில் (காற்றை வெளியேற்றும் திருகு) தெளிவான டியூப் மாட்டி, மறுமுனையைப் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். உதவிக்கு ஒருவர் மிதித்து அழுத்திப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைத் திறந்து, மூடிய பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். குமிழி நின்று, டீ நிற ஆயில் போய் புதிய இளமஞ்சள் ஆயில் வரும் வரை தொடருங்கள். முழு லைனையும் மாற்ற சுமார் ஒரு லிட்டர் போதும். டாட் 3 அல்லது டாட் 4, மூடியில் எது எழுதியிருக்கிறதோ அது. சீல் உடைக்காத டப்பாவாக இருக்கட்டும். நடுவில் மாஸ்டர் டப்பா காலியாகிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் பெயிண்ட் உரிந்துவிடும்.

எல்லாம் முடிந்தும் ஒரு சக்கரம் மட்டும் பிரேக்கை விட்ட பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தால், அந்தச் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸின் உள்பக்கம் உப்பி, போன ஆயிலைத் திரும்ப விடாமல் தடுக்கிறது. வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசுபோல் இருக்கும்.

டீசல் பாதை

நாள் முழுக்க ஓடி, இரவு நின்றதும் மறுநாள் பிடிக்காதது ஏர் பிடித்த வண்டியின் குணம். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள குழாயில் பம்ப் உறிஞ்சும் பக்கம் என்பதால், ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். இரவில் அந்தக் காற்று மேலே ஏறி, டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். சோதனை எளிது: நாளைக் காலை செல்ஃப் அடிக்கும் முன் ஃபீட் பம்பில் உள்ள கை பம்பை இறுகும் வரை அடியுங்கள். உடனே பிடித்தால் நோய் இதுதான்.

சரிசெய்யும் முன் தண்ணீர். இரவு நின்ற வண்டியை அசைக்காமல், டேங்கின் வடிகால் பிளக் வழியாக அரை லிட்டர் பிடித்துக் கண்ணாடி பாட்டிலில் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் நீர் தனியாகத் தெரியும். நீரும் டீசலும் சேரும் இடத்தில் கறுப்பாகக் கொழகொழவென்று இருந்தால் அது கிருமி வளர்ச்சி; டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் புது ஃபில்டரும் சில நாளில் அடைக்கும். பாதி டேங்கோடு மழைக்காலம் முழுக்க நிறுத்தியிருந்தால், காலியிடத்துக் காற்று குளிர்ந்து இறங்கிய நீராக இது இருக்கலாம். அடுத்த ஐப்பசியில் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள்.

இரட்டைக் கிண்ண ஃபில்டர் என்றால் முதலில் துணி, அடுத்தது பேப்பர். இரண்டையும் மாற்றுங்கள். டீசல் குழாய்களை இணைக்கும் பான்ஜோ போல்ட்டுகளின் காப்பர் வாஷர் எல்லாம் புதிதாக இருக்கட்டும். கிடைக்காவிட்டால் பழையதைச் செக்கச்செவேலென்று சூடாக்கி ஆறவிட்டால் இளகும், மறுபடி பயன்படும். வெடித்த ரப்பர் குழாயை டேப் சுற்றி ஓட்டாதீர்கள். இன்ஜெக்டரிலிருந்து திரும்பும் மெல்லிய ரிட்டர்ன் குழாயையும் விட்டுவிட வேண்டாம், பலரும் பார்க்காத இடம் அது.

பிறகு ஃபில்டர் தலையின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் கை பம்ப் அடித்து, நுரையில்லாத டீசல் வந்ததும் இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் ஸ்க்ரூ, அதே முறை. அதற்கும் பிடிக்கவில்லையென்றால் இன்ஜெக்டர் பக்கத்து பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் இறுக்க வேண்டும். அப்போது விரலை அருகில் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்திய அளவு புள்ளிதான் தெரியும், ஆனால் அது அறுவை சிகிச்சை வரை போகும் காயம்.

இதற்குப் பிறகும் காலைத் தொல்லை இருந்தால், ஐந்து லிட்டர் கேனைப் பானெட் உயரத்தில் கட்டி ஃபீட் பம்புக்கு நேராக டியூப் கொடுத்து ஒரு இரவு விடுங்கள். காலையில் சட்டென்று பிடித்தால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவிலோ, ஃபீட் பம்பின் வால்விலோ கோளாறு. அப்போதும் அடம்பிடித்தால் சைலன்சரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பில் வந்த பெஷோ வகை எஞ்சின் போன்ற, டீசல் முதலில் தனி முன்னறையில் எரியும் எஞ்சின்களில் ஹீட்டர் பிளக் வேலை செய்தாக வேண்டும். பிளக்கின் ஒயரைக் கழற்றி, பேட்டரி பாசிட்டிவிலிருந்து டெஸ்ட் லாம்ப் வழியாகப் பிளக் முனையைத் தொடுங்கள். எரியாவிட்டால் பிளக் போய்விட்டது. ஹீட்டர் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்பிரே அடிப்பது பிஸ்டனை உடைக்கும் வேலை. ஏர் வழியில் தீத்துணியும் காட்டாதீர்கள்.

பேட்டரியைக் குறை சொல்லும் முன் எர்த் பட்டையைப் பாருங்கள். மல்டிமீட்டரை பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் வைத்து செல்ஃப் அடிக்கும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பட்டையின் இரு முனையையும் பளபளக்கத் தேய்த்துப் பூட்டுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் அடிக்காமல், நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள்.

ஃபோர் வீல் லிவர்

சுத்தியலால் தட்ட வேண்டாம், உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் வளைந்துவிடும். லிவர் அடியில் உள்ள லிங்க்கைக் கழற்றி, ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வரும் கம்பியை மட்டும் அசைத்துப் பாருங்கள். கம்பி நகர்ந்தால் துரு வெளியேதான் இருக்கிறது. ஊறும் எண்ணெய் விட்டு ஒரு நாள் விட்டால் இளகும். கம்பியே நகராவிட்டால், அது நுழையும் சீலைச் சுற்றித் துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, வண்டியை முன்னும் பின்னும் அரை அடி உருட்டியபடி முயலுங்கள். லோ கியர் விழவில்லை என்று தனியாகக் கவலைப்படாதீர்கள்: ஃபோர் வீல் விழுந்த பிறகே லோ விழும்படி பல வண்டிகளில் பூட்டு உண்டு.

இந்த வகை வண்டியில் நடு டிஃபரென்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச் சாலையில் ஃபோர் வீல் போட்டு வளைத்தால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றையொன்று முறுக்கி லிவரைப் பூட்டிவிடும். அப்படிச் சிக்கினால் நேராகப் பத்தடி ரிவர்ஸ் எடுங்கள், விடுபடும். நான்கு டயரும் ஒரே அளவு, ஏறத்தாழ ஒரே தேய்மானம் இருக்க வேண்டியதும் இதனால்தான். முன் ஹப்பில் லாக் இருந்தால் மாதம் ஒருமுறை லாக் போட்டு மண் பாதையில் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். சுற்றாத முன் ஆக்ஸிலில் எண்ணெய் எல்லாம் அடியில் தங்கி, மேல் பற்கள் துருப்பிடிக்கும்.

கியர் பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர், இரண்டு ஹவுசிங் ஆகிய நான்கு ஆயிலையும் இறக்கிப் பாருங்கள். ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால், இறக்கும் பிளக்கைத் திறந்தது வம்பாகும். பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர். பிளக்கில் சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கம், சில்லு ஒட்டியிருந்தால் பற்கள் உடைந்திருக்கின்றன. ஹவுசிங்குக்கு ஜிஎல்-5 தரத்து ஈபி 90. கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4, ஏனென்றால் சில ஜிஎல்-5 எண்ணெய்கள் பித்தளை வளையங்களை அரிக்கும். ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை போதும்.

தண்ணீர் புகும் வழி பெரும்பாலும் ஹவுசிங்கின் பிரீதர். கெடிலம் ஆற்றில் இறங்கும்போது சூடான ஹவுசிங் சட்டென்று குளிர்ந்து உள்காற்று சுருங்கும். பிரீதரோ சீலோ எது வழிவிட்டாலும் ஆற்று நீரை உறிஞ்சும். பிரீதரைக் கழற்றி, டீசல் தாங்கும் குழாய் மாட்டி, சேஸிஸுக்கு மேலே உயர்த்திக் கட்டிவிடுங்கள்.

தண்ணீரில் இறங்கிய அன்றே கிரீஸ் கன் எடுக்க வேண்டும். யு ஜாயிண்ட் கிராஸ், ஸ்லிப் யோக், ஸ்பிரிங் ஷாக்கிள், கிங் பின்: பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது தெரியும் வரை. ஏபி3 போன்ற லித்தியம் கிரீஸ் போதும். கிராஸில் நான்கு முனையிலும் வெளிவராவிட்டால் ஒரு முனை அடைத்திருக்கிறது என்று பொருள். முன்சக்கரத்தை மேல்–கீழாக ஆட்டிப் பார்த்து ஆட்டம் இருந்தால், பிரேக்கை மிதித்தபடி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் கிங் பின்.

ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் மட்டும். சேஸிஸ் துருவைச் சுரண்டி எபாக்ஸி பிரைமர் அடிக்கலாம், ரெட் ஆக்சைடு மட்டும் கடலூர் காற்றுக்குத் தாங்காது. சேஸிஸ் எண் இருக்கும் இடத்தில் கிரைண்டர் படக்கூடாது, எஃப்சி, ஆர்சி புதுப்பிப்பின்போது அலைய நேரிடும். 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் நடந்ததுபோல் வண்டி மூழ்கியிருந்தால் மட்டும் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது: செல்ஃபே அடிக்காமல் பேட்டரியைக் கழற்றி, இன்ஜெக்டர்களை எடுத்து, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் அடுத்த வேலை.

இன்ஜெக்ஷன் பம்பையும் இன்ஜெக்டரையும் வீட்டில் திறக்காதீர்கள், கழற்றிப் பம்ப் டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடைக்குக் கொடுங்கள். டிரம்மைக் கடைவது லேத்காரர் வேலை. பழைய சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டைக்குப் போவதாக இருந்தால் டிரம், ஹப், ஹவுசிங் போன்ற இரும்பை வாங்கலாம். ஹோஸ், சீல், கப், லைனிங் எதையும் பழையதாக வாங்க வேண்டாம்.