அந்த ரயில் யாருடைய ரயில்?

கேள்வி: சென்ற இதழில் மெக்சிகோ புரட்சிப் படங்களைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் விளக்கம் எழுதியிருந்தீர்கள். புகைப்படம் பொய் சொல்லாது. பார்த்தாலே புரிகிற படத்துக்கு எதற்கு இத்தனை எழுத்து? அதிலும் மலையகப் பத்திரிகையில் மெக்சிகோவுக்கு என்ன வேலை?
– வாசகர் ஒருவர், மஸ்கெலியா

பதில்: பார்த்தாலே புரிகிறது என்கிறீர்கள். சரி, அட்டையில் போட்ட படத்தையே எடுத்துக்கொள்வோம். ரயில் பெட்டியின் படியில் நின்று, கம்பியைப் பிடித்தபடி, உடம்பை வெளியே சாய்த்து எதையோ தேடுகிறாள் ஒரு பெண். புரட்சிக்குப் போகும் வீராங்கனை என்று இவளைச் சுவரொட்டியிலும் சட்டையிலும் அச்சடித்துவிட்டார்கள். ‘அடெலிட்டா’ என்று பெயரும் வைத்தாயிற்று. நீங்களும் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பீர்கள். ஆனால் அந்தப் படம் வெளிவந்தது 1912 ஏப்ரலில், ‘நுவேவா எரா’ என்ற பத்திரிகையில். அந்த ரயில் அரசாங்கப் படையின் ரயில். கலகக்காரர்களை அடக்கப் போன ரயில். முழுப் படத்தில் அவளோடு இன்னும் பல பெண்கள் நிற்கிறார்கள். பிரபலமான பிரதியில் அவர்களை வெட்டிவிட்டார்கள்.

எடுத்தவர் பெயரும் வெகுகாலம் தப்பாகவே இருந்தது. அகஸ்டின் விக்டர் கசசோலா எடுத்தது என்றே நம்பினார்கள். அவர் பெரிய சேகரிப்பாளர். அவர் சேர்த்தது இல்லாவிட்டால் அந்தப் புரட்சியின் பாதி முகங்கள் நமக்குக் கிடைத்திருக்காது. 1976இல் மெக்சிகோ அரசே அந்தச் சேகரிப்பை வாங்கி, பச்சூக்கா நகரில் பாதுகாக்கிறது. ஆனால் அதில் இருப்பவை 400க்கும் மேற்பட்டவர்கள் எடுத்த படங்கள். பல நெகட்டிவ் தகடுகளில் மற்றவர்களின் பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார் கசசோலா. ரயில் பெண்ணை எடுத்தவர் ஹெரோனிமோ எர்னாண்டெஸ் என்பது, ஆய்வாளர்கள் பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் தெரியவந்தது. கண்ணால் பார்த்து யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மெக்சிகோவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான எல்லைப் பக்கம் இதைவிட மோசம். 1915 ஆகஸ்டில் டெக்சாஸின் நோரியாஸ் பண்ணையில் தாக்குதல் நடந்தது. செத்துக் கிடந்தவர்களைக் கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றோடு ‘ரேஞ்சர்கள்’ என்ற டெக்சாஸ் மாநிலக் காவல் படையினர் குதிரையில் கம்பீரமாக இருக்கும் படத்தை ராபர்ட் ரன்யன் எடுத்தார். அது தபால் அட்டையாக விற்பனைக்கு வந்தது. செத்தவர்கள் ‘கொள்ளைக்காரர்கள்’ என்றுதான் வாங்கியவர்களுக்குத் தெரியும். அந்த ஆண்டில் டெக்சாஸில் எல்லையோரத்து மெக்சிகோ வம்சாவளியினர் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். தாக்குதலோடு சம்பந்தமே இல்லாத விவசாயிகளும் அதில் உண்டு. 1919இல் அந்த மாநிலச் சட்டசபையில் ஹோசே கனாலெஸ் என்ற உறுப்பினர் ரேஞ்சர்கள் மீது விசாரணை கேட்டு, சாட்சிகளை வரவழைத்த பிறகே கொல்லப்பட்டவர்கள் பக்கக் கதை பதிவானது. நான்கு வருடம் அட்டை மட்டும்தான் பேசியது. படம் பொய் சொல்லவில்லை ஐயா. படத்துக்காகப் பேசியவர்கள் சொன்னார்கள்.

மலையகத்துக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். உங்கள் மஸ்கெலியாவிலிருந்து அதிக தூரமில்லாத பொகவந்தலாவைத் தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை இருக்கிறது. உலகம் கொண்டாடும் புகைப்படக் கலைஞர். 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879இல் டிக்கோயாப் பக்கம் இறந்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வினுக்கும் டெனிசனுக்கும் பெயர் இருக்கிறது. இங்கே அவர் எடுத்தவர்கள் ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்ற மாதிரித் தலைப்புகளில் நிற்கிறார்கள். அதற்குப் பிறகு நூறு வருடமாகக் கொழுந்துக் கூடையோடு நம் அம்மாமாரைத் தேயிலைப் பெட்டியிலும் உல்லாசப் பயண விளம்பரத்திலும் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒருத்தியின் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?

இதற்கு வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் நம் மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பச் சொன்னது. அந்தக் காலத்தில் கடவுச்சீட்டுக்காகவும், பிரிவதற்கு முன் ஞாபகத்துக்காகவும் குடும்பம் குடும்பமாக ஸ்டூடியோவில் நின்று எடுத்த படங்கள் இன்னும் எத்தனையோ லயன் காம்பராக்களில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கின்றன. அழுகையோடு வழியனுப்பியதால் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் பெற்ற ரயிலில் ஏறித் தலைமன்னார் போனவர்களின் முகங்கள் அவை. ஒரு எல்லை நம் குடும்பங்களுக்கு நடுவே விழுந்ததற்கு அவைதான் ஆவணம். பெரும்பாலானவற்றில் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், யார் போனார், யார் நின்றார் என்று சொல்லக்கூடிய ஆச்சிக்கும் அப்புச்சிக்கும் இப்போது எண்பதுக்கு மேல் வயது.

அதனால்தான் விளக்கம் எழுதுகிறோம், இனியும் எழுதுவோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் இருந்தால், அசலை அனுப்ப வேண்டாம். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரதி எடுத்து அனுப்புங்கள். பெயர், தோட்டம், டிவிஷன், வருடம், எடுத்த ஸ்டூடியோ, சொன்னவர் யார் என்பதைத் தனித் தாளில் எழுதுங்கள். வருடம் உறுதியில்லை என்றால் உறுதியில்லை என்றே எழுதுங்கள். படத்தின் பின்னால் எழுதுவதாக இருந்தால் மென்மையான பென்சில், ஓரமாக, அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா வேண்டாம். மை ஊறும், அழுத்தினால் முகத்தில் தடம் விழும்.