ரொறன்ரோவில் கார் இல்லாமல் நடக்கப் போகிறவர்களுக்கு: ஏறும் வழியை முதலில் பாருங்கள்

தங்கச்சி, கனடா வந்து மூன்று மாதம், ஸ்காபரோவில் பேஸ்மென்ற் வீடு, கார் இல்லை, அம்மாவுக்குச் சீனி வருத்தம், டொக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், எட்டு வயது மகனையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மரஞ்செடி உள்ள இடத்தில் நடக்க பஸ்ஸில் போய்வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக முடியும். கார்க்காரர் காரை விட்ட இடத்துக்கே திரும்பி நடக்க வேண்டும். பஸ்ஸில் போகிறவர் ஓரிடத்தில் இறங்கி வேறோர் இடத்தில் ஏறி வீட்டுக்கு வரலாம். ஆற்றோரப் பாதைகளுக்கு அதுதான் பொருத்தம்.

ரொறன்ரோ மேலே பார்த்தால் தட்டையான ஊர். கீழே டொன், ஹம்பர், ரூஜ், ஹைலண்ட் கிறீக் என்று ஆறுகள் வெட்டிய ஆழமான பள்ளத்தாக்குகள் ஓடுகின்றன. 1954 ஒக்ரோபர் 15 இரவு ஹேசல் சூறாவளி வந்து 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரு தெருவில் மட்டும் 35 பேர். அதற்குப் பிறகுதான் வெள்ளம் பாயும் நிலத்தில் வீடு கட்டுவதைத் தடுத்து, அந்த நிலத்தை வாங்கிப் பொதுநிலமாக்கினார்கள். இன்றைக்கு இவ்வளவு பெரிய நகரத்துக்கு நடுவில் காடு இருக்கக் காரணம் அதுவே. அது இன்னும் வெள்ளம் பாயும் நிலம் என்பதையும் மறக்க வேண்டாம். பெருமழை பெய்தால் அடுத்த ஒரு நாளாவது டொன் பக்கம் போகாதீர்கள். பாதையில் தண்ணீர் ஏறும், வடிந்த பிறகும் சேறு சறுக்கும்.

புதிதாகப் போகிறவர்கள் மாட்டுப்படுவது அநேகமாக ஒரே இடத்தில்தான். போன் படத்தில் நடைபாதையும் பஸ் ஓடும் தெருவும் ஒன்றையொன்று வெட்டுவதுபோலத் தெரியும். நேரில் தெரு பாலத்தின் மேலே, நீங்கள் அடியில். புளோர் தெருப் பாலத்துக்கும் அடியில் ஓடும் டொன் ஆற்றுக்கும் உயர வித்தியாசம் 40 மீற்றர். சப்வே மேலே போகிற சத்தம் கேட்கும், ஏறப் படி இராது. அம்மாவோடு அங்கே நின்றால் வந்த வழியே திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே வெளிக்கிட முன், எங்கே இறங்குவது என்பதை விட எங்கே ஏறுவது என்பதை வடிவாகப் பாருங்கள். முதல் ஏற்றம் எத்தனை கிலோமீற்றரில், அது படியா சரிவா, மேலே எந்த பஸ், இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

அம்மாவுக்கு முதலில் மெடோவே. உயர்மின் கம்பங்களுக்குக் கீழே ஸ்காபரோவைக் குறுக்கறுத்துப் போகும் 16 கிலோமீற்றர் வழி அது. இடையிடையே இன்னும் இணைக்கப்படாத துண்டுகள் உண்டு. பள்ளத்தாக்குப் பாதைகள் போல இல்லாமல் பெரும்பாலும் தார் போட்ட சமமான பாதை. கெனடி, மிட்லண்ட், பிரிம்லி, மக்கோவன் என்று பெருந்தெருக்கள் குறுக்கே வரும், ஒவ்வொன்றிலும் பஸ் ஓடும். களைத்தால் அடுத்த தெருவில் நிறுத்திக்கொள்ளலாம். பிரிம்லி வழியே ஓடும் 21 பஸ்ஸில் தொம்சன் மெமோரியல் பார்க்கில் இறங்கினால், மர நிழலும் இருக்கும் மெடோவேயும் ஊடே போகும். கம்பங்களுக்குக் கீழே நிழல் கிடையாது. யூலை நண்பகலில் போக வேண்டாம், காலை ஒன்பதுக்கு முன் போங்கள்.

ஏரியைப் பார்க்க வேண்டுமென்றால் ரூஜ் ஹில் ஸ்ரேசன், அது ‘கோ’ (GO) என்ற புறநகர் ரயிலின் ஸ்ரேசன். லேக்‌ஷோர் ஈஸ்ற் ரயில் அங்கே நிற்கும். லோரன்ஸ் ஈஸ்ற் வழியே ஓடும் 54 பஸ்ஸின் கிழக்குக் கோடியும் அதற்குக் கிட்டத்தான், ஆனால் சில 54 பஸ்கள் ஓர்ட்டன் பார்க்கோடு திரும்பிவிடும். ஏற முன் எண்ணோடு ஒட்டியிருக்கும் எழுத்தையும் பெயர்ப்பலகையையும் பாருங்கள். ஸ்ரேசனில் இருந்து ஏரிக்கரையோடு கிழக்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றரில் ரூஜ் ஆறு ஏரியில் கலக்கும் இடமும் மணல் கடற்கரையும் வரும். கடற்கரை என்றது பழக்கத்தில், தண்ணீர் நன்னீர்தான். மேற்கே அதேயளவு நடந்தால் ஹைலண்ட் கிறீக் ஏரியில் சேருமிடத்தில் நடைபாலம். முழுக்கச் சமநிலம், தள்ளுவண்டியும் போகும். ஏரிக் காற்று ஊரை விடக் குளிர், மே மாதத்திலும் ஒரு ஜக்கெற் வேண்டும்.

மரங்களுக்குள் நடக்க எனக்குப் பிடித்தது ரெய்லர் கிறீக். விக்ரோறியா பார்க் சப்வேயில் இறங்கி வடக்கே சில நிமிடம் நடந்தால் பள்ளத்தாக்கின் வாசல். அங்கிருந்து ஓடையோடு மேற்கே, கீழ்நோக்கி நடக்க வேண்டும். இரண்டரை கிலோமீற்றர் அளவில் ஸ்ரான் வாட்லோ பார்க்குக்கு ஏறும் பாதை இடது பக்கம் வரும். மேலே கொஸ்பேர்ன் தெருவில் 87 பஸ், அது மெயின் ஸ்ரீட் சப்வே ஸ்ரேசனுக்குப் போகும். அம்மாவோடு போனால் இதிலேயே ஏறிவிடுங்கள். இதைத் தாண்டினால் ஓடை டொன் ஆற்றோடு சேருமிடம் வரும். அங்கிருந்து பொட்டரி ரோட் வரை வசதியான ஏற்றம் அரிது, பொட்டரி ரோட்டும் மூச்சு வாங்க வைக்கும் மேடு. மொத்தம் எட்டுக் கிலோமீற்றர் அளவு வரும், நல்ல நடைக்காரருக்குத்தான்.

மகனுக்காக ஒரு முறை செப்ரெம்பர் கடைசியிலோ ஒக்ரோபர் முதலிலோ ஓல்ட் மில் சப்வேக்குப் போங்கள். கீழே ஹம்பர் ஆற்றில், 1916இல் கட்டிய கற்பாலத்துக்கு வடக்கே, சிறு தடுப்பணைகளைத் தாண்ட சமன் மீன்கள் துள்ளும். மழை பெய்து ஆறு கொஞ்சம் பெருகிய பின்பு கூடுதலாகப் பார்க்கலாம். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். ஸ்காபரோ பிளஃப்ஸ் என்ற ஏரிக்கரைச் செங்குத்து முகடுகளும் அழகுதான், ஆனால் விளிம்பு அரித்து அரித்து உள்ளே குடைந்திருக்கும். வேலிக்கு அப்பால் புல் இருக்கிறது என்று படம் எடுக்கக் கால் வைக்க வேண்டாம்.

காசு விஷயம். பிரெஸ்ரோ என்ற பயண அட்டையை முதலில் தட்டிய நேரத்தில் இருந்து இரண்டு மணித்தியாலம் ரீரீசியில், அதாவது நகரப் பஸ்ஸிலும் சப்வேயிலும், எந்தத் திசையிலும் மாறி ஏறலாம். ஒரு மணிக்குத் தட்டி, ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்து, ஒரு மணித்தியாலம் நடந்து, மூன்று மணிக்குள் மறுபடி தட்டினால் ஒரே கட்டணம். அட்டையில் தட்டிவிட்டுத் திரும்பும்போது போனால் தட்டினால் அது வேறு கணக்கு, புதிதாகக் காசு பிடிக்கும். கோ ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும், இறங்கும்போது மறந்தால் தேவைக்கு அதிகமாகப் பிடிக்கும். 12 வயதும் அதற்குக் கீழும் இரண்டிலும் இலவசம்.

பின்னால் சைக்கிளில் வருகிறவர் ‘ஒன் யுவர் லெஃப்ற்’ என்று சொன்னால், இடது பக்கமாக முந்தப் போகிறேன் என்று அர்த்தம். நீங்கள் வலது பக்கம் ஒதுங்குங்கள். புதியவர்கள் ‘லெஃப்ற்’ என்று கேட்டு இடப்பக்கம் பாய்ந்து மோதுகிறார்கள். அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ரூஜ் பக்கக் காடுகளில் உண்ணி உண்டு, அதன் கடியால் லைம் நோய் வரலாம். நீளக் காற்சட்டை போட்டு, அதன் நுனியை மேசுக்குள் செருகுங்கள். பாதை நடுவில் நடவுங்கள், புல்லில் உரச வேண்டாம். வீட்டுக்கு வந்து முழங்கால் மடிப்பு, அக்குள், மகனின் தலைமயிர் எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான சிமிட்டாவால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நெருப்பு, எண்ணெய் ஒன்றும் வேண்டாம். ஒரு நாளைக்கு மேல் ஒட்டியிருந்தது என்று பட்டால், எடுத்து 72 மணித்தியாலத்துக்குள் மருந்துக்கடைக்குப் போங்கள். 2023 முதல் ஒன்ராறியோவில் மருந்தாளரே தடுப்பு மருந்து எழுதித் தரலாம்.

பள்ளத்தாக்கில் கடை கிடையாது. பூங்காக் கழிப்பறைகளும் தண்ணீர்க் குழாய்களும் குளிர்காலத்தில் பெரும்பாலும் பூட்டு, ஆகவே வீட்டிலேயோ, கழிப்பறை உள்ள ஸ்ரேசனிலேயோ போய்விட்டு இறங்குங்கள். அம்மா இன்சுலினோ குளிசையோ எடுப்பவர் என்றால் ஒரு சிறிய ஜூஸ் பெட்டி கட்டாயம் பையில் இருக்க வேண்டும், சீனி இறங்கினால் பிஸ்கற்றை விட அது கெதியாக வேலை செய்யும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், மூன்றரைக்குள் பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறிவிட வேண்டும். குளிர்காலத்தில் சினோ (தூவும் பனி) அள்ளமாட்டோம் என்று பலகை போட்ட பாதைகளில் அம்மாவை இறக்காதீர்கள். சினோவுக்கு அடியில் இருக்கும் கண்ணாடிப் பனி கண்ணுக்குத் தெரியாது. அந்த மாதங்களில் சப்பாத்துக்கு மேல் மாட்டும் முள் கிளிப்போடு, துப்புரவாக்கிய துண்டுகளில் மட்டும் நடவுங்கள்.

வருகிற ஞாயிறு வெயில் என்றால் 21 பஸ்ஸில் தொம்சன் பார்க், அங்கிருந்து கிழக்கே மக்கோவன் வரை. அவ்வளவு போதும். அம்மாவின் கால் எப்படி இருந்தது என்று எழுதுங்கள், அதைப் பார்த்து அடுத்ததைச் சொல்கிறேன்.