சைலேஜுக்கு எந்த ரகம்? கொழிஞ்சாம்பாறை அண்ணாவுக்கு

அண்ணா, சைலேஜுக்கு, அதாவது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் பசுந்தீவனத்துக்கு, போன வருடம் ஏக்கருக்கு 20 டன் தந்த மக்காச்சோளம் இந்த வருடம் பாதிதான் வந்தது, ரகத்தை மாற்றவா என்று கேட்டிருக்கிறீர்கள். ரகத்தின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். பூ எடுக்கும் சமயத்தில் தண்ணீர் விட்டுப்போனால் எந்த மக்காச்சோளமும் கையை விரித்துவிடும். சோளம் அப்படியில்லை, இலையைச் சுருட்டிக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். நம் பக்கம் மழைமறைவு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. ஆப்பிரிக்கன் டால் போன்ற உயரமான மக்காச்சோள ரகம் சாய்ந்துவிட்டால் அறுக்க வருபவர் நம்மைத்தான் திட்டுவார்.

அப்புறம், எடைமேடைக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். 20 டன்னில் உலர்பொருள், அதாவது தண்ணீர் போக மிஞ்சுவது, 22 சதவீதம் என்றால் 4.4 டன். 16 டன்னே வந்தாலும் 32 சதவீதம் இருந்தால் 5.1 டன். மிச்சமெல்லாம் தண்ணீர். கதிரை உடைத்துப் பாருங்கள், மணியில் மாவுக்கும் பாலுக்கும் நடுவே தெரியும் பால்கோடு பாதி இறங்கியதும் அறுத்துவிடலாம்.

நானாக இருந்தால் கிணற்றுத் தண்ணீர் உறுதியாக எட்டும் பாதியில் மக்காச்சோளமும், மீதியில் கோ எப்.எஸ் 29 மாதிரி, அறுத்தபின் மறுபடி தழைக்கும் மறுதாம்புச் சோளமும் போடுவேன். சோளத்தை இளசில் பச்சையாக மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள், சயனைடு விஷம் மாட்டைச் சாய்த்துவிடும். பூத்த பிறகு அறுங்கள். விதைக் கடைக்காரர் நல்ல வருடத்து விளைச்சலைச் சொன்னால், சரி, வறண்ட வருடத்தில் எவ்வளவு என்று கேளுங்கள்.