கோஷர் பீட்சா கடையில் சுத்த சைவம் கிடைக்குமா?

கேள்வி: நியூயார்க்கில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்தில் உள்ள யூத நண்பர் கோஷர் உணவு, அதாவது யூத மத விதிப்படி ஆன உணவு மட்டுமே சாப்பிடுவார். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மாவோடு அவரையும் வெள்ளிக்கிழமை மாலை கோஷர் பீட்சா கடைக்கு அழைத்துப்போக ஆசை. பெற்றோர் முட்டை, மீன்கூடத் தொடாத சைவம். அந்தக் கடையை நம்பலாமா? அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்: முதலில் கிழமையை மாற்றுங்கள். வெள்ளி சூரியன் மறைவதற்கு முன்பே யூதர்களின் சப்பாத் ஓய்வு நாள் தொடங்கிவிடும். டிசம்பரில் நியூயார்க்கில் மாலை நாலரைக்கே பொழுது சாய்வதால் கடைக்காரர்கள் மதியமே அடுப்பை அணைத்து, துடைத்துப் பூட்டிவிடுவார்கள். சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் திறப்பார்கள். குளிர்காலச் சனி இரவுகளில் கூட்டம் அலைமோதும். கோடையில் சப்பாத் முடியவே இரவு ஒன்பதைத் தாண்டிவிடும் என்பதால் பல கடைகள் அன்று திறப்பதில்லை. வயதானவர்களோடு போக திங்கள் முதல் வியாழன் வரை மாலை ஆறு மணி வாக்கில் வசதி. மார்ச், ஏப்ரலில் வரும் பாஸ்கா பண்டிகையின் எட்டு நாளும் புளித்த மாவே ஆகாது. பீட்சா கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வரும் ‘ஒன்பது நாள்’ துக்க காலத்தில் இறைச்சியைத் தவிர்ப்பார்கள். அதனால் பீட்சா போன்ற பால் உணவுக் கடைகளில் இடம் கிடைப்பது கடினம்.

இனி சாப்பாடு. கோஷர் விதிப்படி பாலும் இறைச்சியும் ஒரே தட்டில் மட்டுமல்ல, ஒரே சமையல் பாத்திரத்திலும் சேரக்கூடாது. சீஸ் இல்லாமல் இந்தக் கடைகளின் பீட்சா இல்லை. ஆகவே கோழி, மாடு எதுவும் அந்த அடுப்படிக்குள் வராது. ‘பெப்பரோனி’ (காரமான இறைச்சித் துண்டு) என்று பலகையில் எழுதியிருந்தாலும் அது சோயாவில் செய்ததுதான். சாதாரண பீட்சா கடையில் இந்த உறுதி கிடைக்காது.

ஆனால் இறைச்சி இல்லை என்பதற்காக அதை நம் ஊர் சைவ ஓட்டல் என்று எண்ணிவிடாதீர்கள். கோஷர் கணக்கில் மீனும் முட்டையும் இறைச்சியில் சேராது. டூனா பீட்சா, சால்மன் சாலட் எல்லாம் சகஜம். சில கடைகளில் ஒரு மூலையில், சோற்றில் மீன் வைத்துச் சுருட்டும் ஜப்பானிய சுஷியே செய்துகொண்டிருப்பார்கள். டூனா பீட்சாவும் சீஸ் பீட்சாவும் ஒரே அடுப்பில் வெந்து, ஒரே சக்கரக் கத்தியால் வெட்டப்படும். அதனால் கண்ணாடிப் பெட்டியில் உள்ள துண்டுகளை வாங்காமல், முழு சீஸ் பீட்சா ஒன்றைப் புதிதாகச் சொல்லுங்கள். கழுவிய கத்தியால் வெட்டித் தரக் கேளுங்கள், அல்லது வெட்டாமலே வாங்கிக்கொள்ளுங்கள். எதோடு எதைச் சேர்க்கக்கூடாது என்ற கேள்வி அவர்களுக்கு அன்றாடம் பழகியது என்பதால் கேட்கத் தயங்க வேண்டாம். ஒரே அடுப்பு என்பதே மனதுக்கு ஒவ்வாது என்றால், மீன் பட்டியலிலேயே இல்லாத கடையாகப் பாருங்கள்.

மீனும் முட்டையும் மறைந்திருக்கும் இடங்கள் உண்டு. சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி வகை மீன் அரைத்திருக்கும். மயோனைஸில் முட்டை உண்டு. வெங்காய வளையம், கத்தரிக்காய் வறுவல் மேல்பூச்சிலும் முட்டை இருக்கலாம். பீட்சா மாவில் பொதுவாக முட்டை கிடையாது. ஃபலாஃபலும் (கொண்டைக்கடலை வடை) உருளை வறுவலும் பாதுகாப்பானவைதான். ஆனால் அதே எண்ணெயில் மீன் பொரித்தார்களா என்று கேட்டுவிடுங்கள். சீஸில் பாலைத் திரிக்கச் சேர்க்கும் ரென்னெட் அமெரிக்க கோஷர் சீஸ்களில் பெரும்பாலும் நுண்ணுயிரிலிருந்து எடுப்பது. எனினும் முறைப்படி அறுத்த கன்றின் ரென்னெட்டையும் யூதச் சட்டம் அனுமதிக்கிறது. பெற்றோர் அதையும் பார்ப்பவர்கள் என்றால் சீஸ் பொட்டலத்தைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். ஒன்றில் முழு நிம்மதி: பூச்சி ஆகாது என்பதால் கீரை, பிராக்கோலியை இந்தக் கடைகளில் அவ்வளவு நுணுக்கமாகச் சோதிப்பார்கள்.

கடையை நண்பரே தேர்ந்தெடுக்கட்டும். சிலர் பால் கறப்பதிலிருந்தே யூதர் மேற்பார்வை இருந்த ‘கோலவ் யிஸ்ரோயேல்’ கடையில் மட்டும்தான் சாப்பிடுவார்கள். எந்த ரப்பி (யூத மதகுரு) குழு சான்று தந்தது என்பதும் அவர்களுக்கு முக்கியம். அந்தச் சான்றிதழ் ஜன்னலிலோ கல்லாவுக்குப் பின்னாலோ தொங்கும். காலாவதித் தேதியும் அதில் இருக்கும். சுற்றிலும் யூதர்கள் வசிக்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து நுழையாதீர்கள். புரூக்ளின் அவென்யூ ஜே-யில் 1965 முதல் இருக்கும் புகழ்பெற்ற டி ஃபாரா பீட்சா கடை, யூதக் குடியிருப்பின் நடுவே இருந்தாலும் கோஷர் அல்ல. ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் நாளாக இருந்தால் கோஷர் கடைகள் உள்ள கியூ கார்டன்ஸ் ஹில்ஸ் பகுதி வசதி. மெயின் ஸ்ட்ரீட் வழியாகத் தெற்கே போகும் கியூ44 பேருந்து அங்கே கொண்டுபோய் விடும். நண்பர் மதியம் இறைச்சி சாப்பிட்டிருந்தால் பால் உணவுக்கு ஆறு மணி நேரம் வரை காத்திருப்பார். முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள்.

அம்மா கைப்பையில் தயிர்சாதமோ ஊறுகாயோ எடுத்து வந்தால் அது பைக்குள்ளேயே இருக்கட்டும். வெளி உணவு மேசையில் வந்தால் கடையின் சான்றிதழுக்கே சிக்கல். பிறந்தநாள் கேக்குக்கும் இதே விதி.

பீட்சா வந்ததும் நண்பர் எழுந்து கைகழுவும் தொட்டிக்குப் போகலாம். அங்கே இரண்டு கைப்பிடி வைத்த குவளை இருக்கும். அதில் நீர் நிறைத்து வலக்கையில் இருமுறை, இடக்கையில் இருமுறை ஊற்றி, பிரார்த்தனை சொல்லித் துடைத்துக்கொண்டு பேசாமல் திரும்புவார். சிலர் மும்முறை ஊற்றுவார்கள். முதல் வாய் உண்ணும்வரை பேச மாட்டார். அந்நேரம் “என்ன ஆச்சு?” என்று கேட்டால் பதில் வராது, பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு துண்டு மட்டும் சாப்பிட்டால் சிலர் இதைச் செய்வதில்லை. சாப்பிட்டு முடித்த பிறகும் சில நிமிடம் நன்றிப் பிரார்த்தனை உண்டு. அதுவரை அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருங்கள். நீங்கள் எதையும் செய்ய வேண்டியதில்லை, யூத ஆண்கள் அணியும் தொப்பியும் தேவையில்லை.

விலை சாதாரணக் கடையைவிடக் கூடுதலாகவே இருக்கும். கோஷர் விதிகளைக் கவனிக்கும் மேற்பார்வையாளர் சம்பளம், சீஸ் விலை, வாரத்தில் ஒன்றரை நாள் மூடுவது எல்லாம் அதில் சேருகிறது. பில்லில் 8.875 சதவீத விற்பனை வரியும் ஏறும். காரம் பற்றாது என்று அப்பா சொன்னால், ஃபலாஃபல் பக்கத்தில் இருக்கும் ‘ஸ்ஹூக்’ என்ற பச்சைமிளகாய்ச் சட்னியைக் கேளுங்கள். ஏமன் யூதர்கள் கொண்டுவந்தது. கொத்தமல்லியும் பூண்டும் சேர்த்து அரைத்திருப்பார்கள், சீஸ் பீட்சாவோடு அருமையாகச் சேரும்.